மனுதாரர் கையொப்பம்

ஸ்ரீரங்கம்
17.6.2025

அப்பாவுக்கு,

உங்கள் நம்பரை என் போனில் பிளாக் செய்துவிட்டேன். சிக்னல் இல்லை என்று நினைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி ஏறிக் கூப்பிட வேண்டாம். இங்கே நேரில் வரவும் வேண்டாம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதுங்கள். எழுதினால் நான் கத்த முடியாது, நீங்களும் தலையைக் குனிந்துகொண்டு நிற்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, "ஒரே ஒரு வருஷந்தானேம்மா, கேட்டுப் பாத்தா விட மாட்டாங்களா?" என்று கேட்டீர்கள். நான் தட்டைத் தள்ளிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அதற்குப் பதில் இதுதான்: விட மாட்டார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் டாக்டர் சீட்டு வேண்டுமென்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருஷமும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நான் ஆறு வருஷம் படித்திருக்கிறேன். ஏழாம் வகுப்பில் மட்டும் கழுத்தில் டை கட்டி, வேனில் ஏற்றி, தனியார் பள்ளிக்கு அனுப்பினீர்கள்.

மூன்றாவது தடவை நீட் எழுதி நானூற்று அறுபத்தொன்று எடுத்திருக்கிறேன். அந்த ஒதுக்கீட்டில் இந்த மார்க்குக்கு நிச்சயம் சீட்டு உண்டு. பொதுப் பட்டியலில் கிடைப்பது கஷ்டம். என்னோடு நீட் கோச்சிங் படித்து இதே அறையில் தங்கியிருக்கும் ருக்ஸாருக்கு என்னைவிட இருபத்து மூன்று மார்க் குறைவு. அவள் ஏழு வருஷமும் ஒரே அரசுப் பள்ளியில் படித்தவள். இப்போதே ஸ்டெதஸ்கோப் என்ன விலை என்று போனில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. யார்மேல் என்று உங்களுக்குத் தெரியும்.

பொதுப் பட்டியலுக்காவது விண்ணப்பிக்கிறேன். மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும். இரும்புப் பெட்டியில் இருக்கும் என் சாதிச் சான்றிதழ், பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டுகள் எல்லாவற்றையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி வையுங்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் படித்ததற்கான சான்றிதழும் வேண்டும். அதை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

அறிவுமதி


ஜீயபுரம் அருகில்
20.6.2025

அன்பு மகள் அறிவுமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் வாழையும் சுகம். உன் உடம்பு எப்படி என்று நீ எழுதவில்லை.

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நம் வீட்டில் எழுதுவது நீ, கையெழுத்துப் போடுவது நான். கரண்ட் ஆபீசுக்கு, பேங்குக்கு, தாலுகா ஆபீசுக்கு, உன் அம்மா இறந்தபோது இறப்புச் சான்றிதழுக்கு, எல்லாம் நீ எழுதியதுதான். உனக்கு அப்போது ஒன்பது வயது. நான் ஐந்தாவதோடு பேனாவை வைத்தவன். இந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு தாள் கிழித்தாயிற்று.

நீ கேட்டதெல்லாம் இதில் இருக்கிறது. மழை பட்டால் நனையாமல் இருக்க உரப்பையை வெட்டிச் சுற்றியிருக்கிறேன். போஸ்ட் ஆபீசில், "என்னங்க இது, யூரியாவா?" என்று கேட்டார்கள்.

நீ சொன்னது எல்லாம் சரி. அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அனுப்பியது என் தப்பு. பெற்றவன் யோசித்திருக்க வேண்டும்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சான்றிதழுக்கு நீ வர வேண்டாம் அறிவு. வீண் அலைச்சல். நானே தலைமை ஆசிரியர் பிரேமலதா டீச்சரைப் பார்த்து வாங்கி அனுப்புகிறேன். நேற்றும் போயிருந்தேன். அவர் மீட்டிங்குக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை மறுபடி போவேன். நீ வராதே.

நேற்று சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்கு வாழை இலைக்கட்டு கொண்டுவந்தேன். உன் தெரு வழியாகத்தான் வண்டி போயிற்று. மாடியில் உன் பச்சைத் துப்பட்டா காய்ந்துகொண்டிருந்தது. நீ வர வேண்டாம் என்று சொன்னதால் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மாள் தினமும் வந்து, "அறிவு எப்பங்க வரும்? பென்ஷன் பாரத்தை அதுதான் எழுதணும்" என்று கேட்டுவிட்டுப் போகிறது. டாக்டருக்குப் படிக்கிறது என்று சொல்லி அனுப்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

ப. மருதை


ஸ்ரீரங்கம்
23.6.2025

அப்பாவுக்கு,

தபால் கிடைத்தது. உரப்பை வாசனை இன்னும் மார்க் ஷீட்டில் இருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்துக்கு வரக் கூடாது என்று ஒரே கடிதத்தில் இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். ஏன்? டீச்சர் காலில் விழுந்து, ஏழாம் வகுப்பையும் அங்கேயே படித்ததாக எழுதித் தரச் சொல்லப் போகிறீர்களா? அப்படி ஏதாவது செய்தால் இந்த ஜென்மத்தில் உங்களோடு பேச மாட்டேன். நான் எந்த வருஷம் எங்கே படித்தேன் என்பது கம்ப்யூட்டரில் இருக்கிறது. பொய்ச் சான்றிதழ் கொடுத்து மாட்டினால் டாக்டர் இல்லை, கம்பவுண்டர்கூட ஆக முடியாது.

நேற்று உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினேன். என் படிப்பைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆறாம் வகுப்பில் முதல் ரேங்க். ஏழில், அந்த இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில், தமிழைத் தவிர எல்லாவற்றிலும் பெயில். எட்டில் திரும்ப ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சுமார். பத்தாவது கொரோனா, எல்லோரும் பாஸ், மார்க்கே இல்லை. பதினொன்றில் பிசிக்ஸ் பெயில், மறுபடி எழுதி பாஸ். பன்னிரண்டில் பயாலஜி தொண்ணூற்றாறு, பிசிக்ஸ் நாற்பத்து மூன்று. இந்த நீட்டிலும் அதே கதைதான். பயாலஜியில் முந்நூறு, பிசிக்ஸில் எழுபத்தொன்று. இதைப் பார்க்கிற ஆபீசர் இரண்டு பிள்ளைகளின் மார்க்கைக் கலந்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

எல்லாம் அந்த வருஷத்தில் ஆரம்பித்ததுதான் அப்பா. பாத்ரூம் போக வேண்டும் என்று இங்கிலீஷில் கேட்கத் தெரியாமல் மத்தியானம் வரை அடக்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். சயின்ஸ் மிஸ் போர்டில் எழுதும் ஒரு வரிகூடப் புரியாது. இன்றைக்கும் பிசிக்ஸ் புத்தகத்தைத் திறந்தால் அந்தக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். நீங்கள் மட்டும் டீக்கடையில் உட்கார்ந்து, "எம் பொண்ணு இங்கிலீஷ் மீடியம்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கறுப்பு ஷூவை வாங்கிவந்து, துண்டால் துடைத்து, என் காலில் நீங்களே மாட்டிவிட்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. உங்கள் பெருமைக்கு நான் டை கட்டினேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு வர மாட்டேன்.

அறிவுமதி


ஜீயபுரம் அருகில்
27.6.2025

அறிவு,

புதன்கிழமை நீ வந்துபோனதாக வெள்ளையம்மாள் சொன்னது. பஸ் ஸ்டாப்பில் புளியமரத்துக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாயாம். "என்ன தாயி?" என்று கேட்டதற்குக் கண்ணில் தூசி என்றாயாம்.

நான் தோட்டத்தில் இலை அறுத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் நேற்றுதான் கிடைத்தது, முன்னமே கிடைத்திருந்தால் பஸ் ஸ்டாப்புக்காவது வந்திருப்பேன்.

டீச்சர் எதைக் காட்டினார்? நீ எதைப் பார்த்திருந்தாலும் மனதில் வைத்துக்கொள்ளாதே. தப்பு என்னுடையது என்று முன்னமே எழுதிவிட்டேன். அதில் மாற்றம் இல்லை.

பொய்ச் சான்றிதழ் கேட்கத்தான் போனேன் என்று நினைத்தாயே, அது மட்டும் கொஞ்சம் வலித்தது.

ப. மருதை


ஜீயபுரம் அருகில்
15.7.2025

அறிவுமதிக்கு,

பதினெட்டு நாளாகப் பதில் இல்லை. தபால்காரரிடம் கேட்டால், "வந்தா குடுக்க மாட்டேனா மருதை?" என்கிறார். அவர் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் வாசலுக்கு வருவதைப் பார்த்து, இப்போதெல்லாம் தெருமுனையிலேயே கையை ஆட்டி இல்லை என்று சொல்லிவிடுகிறார்.

விண்ணப்பம் போட்டாயா? அதை மட்டுமாவது ஒரு கார்டில் எழுது.

காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. பூவன் நன்றாக இருக்கிறது. இரண்டு சீப்பு பழம் உன் வீட்டுக்கார ஆனந்தவள்ளி அம்மாவிடம் கொடுத்தேன். நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், சொல்லியிருப்பார்.

வீட்டில் ரேடியோவை நாள் முழுக்க ஓடவிடுகிறேன். என்ன சொல்கிறார்கள் என்று கவனிப்பதில்லை. யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும் என்று இருக்கிறது.

ப. மருதை


ஸ்ரீரங்கம்
4.8.2025

அப்பா,

விண்ணப்பம் போட்டுவிட்டேன். பட்டியல் வந்துவிட்டது. பொதுவில் என் எண் ரொம்பப் பின்னால் இருக்கிறது. முதல் சுற்றில் கிடைக்காது. யாராவது வேண்டாம் என்று விட்டுப்போனால் அடுத்த சுற்றில் ஏதோ கொஞ்சம் வாய்ப்பு, அவ்வளவுதான்.

ருக்ஸாருக்குக் கிடைத்துவிட்டது, புதுக்கோட்டை. வெள்ளிக்கிழமை அவள் அப்பா அப்துல் சலாம் வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். அவர் என் தலையில் கை வைத்து, "அடுத்த வருஷம் உங்கத்தா வந்து உன்னை இப்படிக் கூட்டிட்டுப் போவாரும்மா" என்றார். அவர் படி இறங்கும்வரை சிரித்த முகமாக நின்றேன். இப்போது அறையில் இரண்டு கட்டில், நான் ஒருத்தி.

நேற்று ஆடிப்பெருக்கு. காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. எல்லோரும் குடும்பம் குடும்பமாகப் படித்துறையில் உட்கார்ந்து கலந்த சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக நின்று தண்ணீரைப் பார்த்தேன். இந்தத் தண்ணீர் காலையில் நம் ஊரைத் தாண்டித்தானே வந்திருக்கும் என்று நினைத்தேன். பிறகு அங்கே நிற்க முடியவில்லை.

அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

பிரேமலதா டீச்சர் சான்றிதழை உடனே எழுதிக் கொடுத்துவிட்டார். கிளம்பும்போது, "உங்கப்பா திங்கக்கிழமை வந்து பழைய மனு ஒண்ணைத் திருப்பிக் கேட்டாரும்மா. ரெக்கார்டைத் தர முடியாதுன்னு சொல்லிட்டேன். அதுல அப்படி என்னதான் இருக்கு, நீயே பாரேன்" என்று ஒரு ஃபைலைத் திறந்து வைத்தார்.

2017 ஜூனில் நீங்கள் கொடுத்த மனு. எனக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு. அனுப்புநர் ப. மருதை. கீழே உங்கள் கையெழுத்து. நடுவில் இருந்ததெல்லாம் என் எழுத்து.

"ஐயா, என் மகள் ம. அறிவுமதி தங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் முதல் ரேங்க் எடுத்தவள். அவள் திறமைக்கு இந்தப் பள்ளி போதாது. ஆகவே மாற்றுச் சான்றிதழ் தந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

முதல் ரேங்க் என்பதற்குக் கீழே பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கோடுகூடப் போட்டிருக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பக்கத்துத் தெரு வைஷ்ணவி டை கட்டி வேனில் போவதைப் பார்த்து நான் அழுதது. மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தது. "நம்ம பள்ளிக்கூடமே போதும் அறிவு, அங்கல்லாம் உனக்குச் சரிப்பட்டு வராது" என்று நீங்கள் கெஞ்சியது. "அம்மா இருந்தா சேத்துவிட்டிருக்கும்" என்று நான் சொன்னது. அதற்குப் பிறகு நீங்கள் எழுந்து உள்ளே போனீர்கள். வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தீர்கள்.

இதெல்லாம் சுத்தமாக மறந்துபோயிற்று என்று சொன்னால் பொய். ஷூவை ஞாபகம் வைத்துக்கொண்டேன். அழுததை எங்கோ தள்ளிவிட்டேன். அதற்கு மேல் உங்களைப் போட்டு மூடிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் அத்தனை கத்தினேனே, "என் வாழ்க்கையைக் கெடுத்துட்டீங்க" என்றுகூடச் சொன்னேனே, அப்போது ஏன் அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை? "நீதானே எழுதினே" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் வாயை மூடியிருப்பேனே.

வீட்டுக்கு வர முகம் இல்லை. உங்கள் நம்பரை பிளாக்கில் இருந்து எடுத்துவிட்டேன். ஆனால் கூப்பிடாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அறிவு


ஜீயபுரம் அருகில்
8.8.2025

அறிவு,

உன் கடிதத்தை வாழைத் தோட்டத்தில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தேன். நம்பரை எடுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். போனைக் கையில் எடுத்தேன். கூப்பிட வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாய். திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். ஏன் சொல்லவில்லை என்றால், உனக்கு என்மேல் கோபம் இருந்தால் வீம்புக்காவது படிப்பாய். சின்ன வயதிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். உனக்கு உன்மேலேயே கோபம் வந்தால் அப்படியே உட்கார்ந்துவிடுவாய், சோறு இறங்காது. அதனால்தான் அந்த மனுவை வாங்கிவிடலாம் என்று போனேன். வாங்கிக் கிழிக்கக்கூட இல்லை, பெட்டியில் வைத்துக்கொள்ளத்தான். கேட்கப் போய் நானே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ அழுததால்தான் கையெழுத்துப் போட்டேன் என்று நினைக்காதே. நீ எழுதி முடித்துக் கொடுத்ததும் நான் முழுக்கப் படித்தேன். மற்ற மனுவெல்லாம் படிக்காமல் போடுவேன். அதை மட்டும் படித்தேன். "அவள் திறமைக்கு இந்தப் பள்ளி போதாது" என்ற இடத்தில் நின்றேன். இந்த வரி வேண்டாம், வாத்தியார்கள் மனசு கஷ்டப்படும் என்று தோன்றியது. அடித்துவிட்டு வேறு எழுதச் சொல்லலாம் என்று அந்த வரிமேல் பேனாவை வைத்தேன். முடியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை இப்படி எழுதுகிறதே என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். டீக்கடையில் நான் பேசியது நிஜம்தான். ஷூவைத் துடைத்ததும் நிஜம்தான்.

நீ எத்தனை ஆபீசுக்கு எழுதியிருக்கிறாய். எந்த ஆபீசிலாவது எழுதியது யார் என்று கேட்டிருக்கிறார்களா? கீழே கையெழுத்துப் போட்டவன்தான் மனுதாரர். நீ பன்னிரண்டு வயசுப் பிள்ளை. மனுதாரர் நான்.

அடுத்த சுற்று என்ன ஆனது என்று எழுது. ஆகாவிட்டாலும் எழுது.

அப்பா


ஸ்ரீரங்கம்
22.9.2025

அனுப்புநர்
ம. அறிவுமதி,
மாடி அறை, ஆனந்தவள்ளி அம்மா வீடு,
ஸ்ரீரங்கம்.

பெறுநர்
திரு. ப. மருதை அவர்கள்,
வாழை விவசாயி,
ஜீயபுரம் அருகில்.

பொருள்: வீட்டுக்குத் திரும்ப அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். மருத்துவப் படிப்புக்கான இரண்டாம் சுற்றும் முடிந்துவிட்டது. எனக்குச் சீட்டு கிடைக்கவில்லை. நான் விண்ணப்பித்த பிரிவில் எனக்குப் பல எண்களுக்கு முன்பே இடங்கள் தீர்ந்துவிட்டன.

எனக்குச் சீட்டு கிடைக்காததாலும், இனி இங்கே தங்கிப் பயனில்லை என்பதாலும், நான் என் சொந்த வீட்டுக்கு வர அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு மேல் மனு மாதிரி எழுத வரவில்லை அப்பா. உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இப்படி ஆரம்பித்தேன். மனு என்றால் எனக்குப் பேனா தானாக ஓடும்.

வருகிற மே மாதம் கடைசியாக இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். ஏழாம் வகுப்பு அப்போதும் ஏழாம் வகுப்பாகத்தான் இருக்கும், அந்த ஒதுக்கீடு எனக்கு எப்போதும் கிடையாது. அதனால் பொதுப் பட்டியலுக்கு எட்டும் அளவுக்கு பிசிக்ஸில் எடுத்தே ஆக வேண்டும். முதல் பாடத்திலிருந்து தமிழில் படிக்கப் போகிறேன். அதுவும் கிடைக்காவிட்டால் நர்சிங் போகிறேன். அப்போது அழ மாட்டேன் என்று சொல்லவில்லை, அழுதுவிட்டுப் போவேன்.

இந்த ஒரு மாதமாக நான் யாரோடும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசவில்லை. கடையில் பால் பாக்கெட் கேட்கும்போது என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. வெள்ளையம்மா பாரத்தை வேறு யாரிடமும் கொடுக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சம்மதித்தால் இதிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ம. அறிவுமதி


(அதே மனுவின் பின்பக்கம்)

25.9.2025

அறிவு,

நீ சொன்னபடி படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. "எனக்குச் சீட்டு கிடைக்காததாலும், இனி இங்கே தங்கிப் பயனில்லை என்பதாலும்" என்ற வரியை மட்டும் அடித்துவிட்டேன். வீட்டுக்கு வருவதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. அன்றைக்கு ஒரு வரியை அடிக்காமல் விட்டேன், இன்றைக்கு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை இலைக்கட்டை இறக்கிவிட்டு உன் வாசலுக்கு வருகிறேன். வண்டி காலியாகத்தான் இருக்கும். புத்தகத்தையெல்லாம் கட்டி வை.

ப. மருதை